சட்டைப் பையில் இருந்த இரண்டு தாள்கள்

எங்கே சண்டை வந்தாலும் எங்களுக்கு வேலை கூடும். ராஜபாளையத்தில் பேண்டேஜ் கம்பெனியில் துணி உருட்டுகிறவள் நான். எந்த நாடு, யாருக்கும் யாருக்கும் சண்டை என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. சூப்பர்வைசர் வந்து, "இந்த வாரம் ஞாயித்துக்கிழமையும் வரணும்" என்பார். எங்கேயோ ஆட்கள் அடிபடுகிறார்கள் என்று அப்போது தெரிந்துகொள்வோம்.

அந்தத் தடவை எங்கே என்று எனக்குத் தெரிந்திருந்தது. என் மகன் அங்கே இருந்தான்.

வளைகுடாவில் ஏ.சி. மாட்டுகிற வேலை அவனுக்கு. போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சண்டை தொடங்கின மூன்றாம் நாள் விமானம் எல்லாம் நின்றுவிட்டது. பாஸ்போர்ட் கம்பெனிக்காரர்களிடம் இருந்தது. போன் கிடைத்தபோது, "எம்மா, இங்க ஒன்னுமில்ல. சத்தம் மட்டுந்தான் கேக்கு" என்றான். என்ன சத்தம் என்று நான் கேட்கவில்லை.

எங்கள் ஊர் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் உள்ள ஒரு சின்னப் பேரூராட்சி. அதில் நான் கவுன்சிலர். பெண்கள் வார்டு என்று ஒதுக்கினார்கள், நிற்கச் சொன்னார்கள், நின்றேன். மற்ற ஊர்களில் புருஷன்மார் போய்க் கூட்டத்தில் உட்காருவார்கள். என் வீட்டுக்காரர் மிலிட்டரியில் இருந்து வந்தவர். "ஓட்டு ஒனக்குத்தான போட்டாங்க, எனக்கா போட்டாங்க" என்று வீட்டிலேயே இருந்துகொண்டார். அதனால் எல்லாக் கூட்டத்துக்கும் நானே போனேன். கம்பெனியில் ஷிப்ட் மாற்றிக்கொண்டு போவேன். அதிகம் பேச மாட்டேன்.

எங்கள் பேரூராட்சித் தலைவர் ராஜபாளையத்தில் உரக்கடை வைத்திருந்தார். என் கட்சிதான். எங்கள் ஊரில் அவருக்கு "நாளைக்கு அண்ணாச்சி" என்று பெயர். எதைக் கேட்டாலும் "நாளைக்கு" என்பார். புதுத் தண்ணீர்த் தொட்டி கட்டினார்கள். அதில் தண்ணீர் ஏறவே இல்லை. ஏறுகிறது என்று கூட்டத்தில் எழுதி வைத்தார். எந்தத் தெருவுக்கு முதலில் தண்ணீர் என்று கேட்டால், கேட்கிற ஆளைப் பார்த்து அந்த ஆள் தெருவைச் சொல்வார். கெட்டவர் இல்லை. முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல அவருக்கு வராது. அதனால் அவர் சொல்வதை யாரும் நம்புவதில்லை.

சண்டை தொடங்கின வாரத்தில், வெளிநாட்டில் மாட்டிக்கொண்டவர்கள் பட்டியலை ஒவ்வொரு ஊரில் இருந்தும் தாலுகா ஆபீசுக்கு அனுப்பச் சொல்லி உத்தரவு வந்தது. பேர், பாஸ்போர்ட் நம்பர், கம்பெனி பேர், போன் நம்பர். பட்டியலில் இருக்கிறவர்களை நம் எம்பசிக்காரர்கள் கம்பெனியில் பேசிப் பாஸ்போர்ட்டோடு வரவழைத்து, பஸ்ஸில் பக்கத்து நாட்டு எல்லைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து விமானம் ஏற்றுவார்கள் என்றார்கள். வீட்டில் இருந்து நேராகக் கூப்பிட ஒரு நம்பரும் கொடுத்தார்கள். எப்போது அடித்தாலும் பிஸி. எங்கள் ஊரில் பதினோரு பேர் அங்கே இருந்தார்கள். எங்கள் கீழத்தெருவில் ஆறு பேர், மேலத்தெருவில் ஐந்து பேர். தலைவர் வீடு வீடாகப் போய் எழுதி வாங்கினார்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில், "அனுப்பியாச்சு" என்றார்.

"எப்ப அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"இன்னைக்குக் காலையிலதான் தாயி. ஒம் மகன் பேரும் போயிருக்கு."

அன்றைக்கு ராத்திரிதான் நான் கொஞ்ச நேரம் கண்ணயர்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனிக்கு மதினி வந்தாள். மேலத்தெருக் கவுன்சிலர், எதிர்க்கட்சி. சொந்தமில்லை, சின்ன வயதில் இருந்தே மதினி என்றுதான் கூப்பிடுவேன். சாப்பாட்டு நேரம். தலையில் கட்டியிருந்த வலையை அவிழ்த்துவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். மடியில் இருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள்.

"படி."

தலைவர் மேல் எங்களுக்கு நம்பிக்கை இல்லை, அவராகவே பதவியை விட்டு விலகிக்கொள்ள வேண்டும் என்று எழுதி இருந்தது. கீழே எட்டுக் கையெழுத்து.

"ஒன் கையெழுத்து வேணும். நீ அவரு கட்சி. நீ போட்டாத்தான் இது கட்சிச் சண்டை இல்லன்னு ஆகும்."

"இப்பவா மதினி?"

"பொறவு எப்ப?"

"பிள்ளைக அங்க கெடக்காங்க. அவரு போயிட்டா யாரு போன் பேசுவா, யாரு பின்னாலேயே அலைவா? பிள்ளைக வரட்டும். பொறவு போடுதேன்."

"ஏட்டி, தொட்டியில தண்ணி ஏறாம ஏறுதுன்னு எழுதுன ஆளு. அந்த ஆள நம்பியா பிள்ளைகள விட்டுட்டு ஒக்காந்திருக்க? நல்ல காலத்துல நம்பாத ஆள கெட்ட காலத்துல நம்புவியோ?"

நான் எழுந்தேன். தூக்குவாளியைக் கழுவினேன்.

"ஒன் மிலிட்டரிக்காரரு சொல்லிக் குடுத்தாரோ?"

"அவிய எனக்கு எதுவும் சொல்லிக் குடுக்க மாட்டாவ."

"சரிதான். ஒரு வீட்டுல ரெண்டு ஊமை" என்று சொல்லிவிட்டுத் தாளை மடித்துக்கொண்டு போய்விட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார்.

"சண்டை நடக்கையில சுபேதார மாத்த மாட்டாங்க" என்றார். அவ்வளவுதான். எனக்கும் அது சரி என்றே பட்டது.

திங்கள்கிழமை மகன் போன் வரவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. கேம்ப்பில் தண்ணீர் விடுவது ஒரு வேளைதான் என்றான். பக்கத்து அறையில் இருந்த சிவகாசிப் பக்கத்துப் பையனைக் கூப்பிட்டுவிட்டார்கள், முந்தின நாளே பஸ்ஸில் ஏறிவிட்டான் என்றான்.

"ஒன்னக் கூப்பிடலையா?"

"லிஸ்டுல என் பேரு இல்லங்காங்கம்மா. வரும், வரும்னு சொல்லுதாங்க. நீ ஒன்னும் யோசிக்காத."

நான் லீவு சொல்லிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினேன். பெண்களுக்குக் காசு இல்லாத பஸ். கண்டக்டர் இறங்குகிற இடம் கேட்டார். மடவார் வளாகம் ஸ்டாப் என்று சொல்லிவிட்டு, ஏதோ யோசனையில் அங்கே இறங்காமல் விட்டுவிட்டேன். பஸ் ஸ்டாண்டில் இருந்து வெயிலில் திரும்ப நடந்தேன்.

தாலுகா ஆபீசில் மேஜைக்குப் பின்னால் ஒரு பொண்ணு இருந்தது. மகன் வயசுதான் இருக்கும். ஊர்ப் பேரைச் சொன்னேன். கம்ப்யூட்டரில் பார்த்தது, ஒரு பைலையும் எடுத்துப் பார்த்தது.

"உங்க ஊர்ல இருந்து லிஸ்ட் வரலையேம்மா."

"வெள்ளிக்கிழமையே அனுப்பியாச்சாம்."

"மெயில்லயும் வரல, தபால்லயும் வரல. நாங்க ரெண்டு தடவை போன் போட்டுட்டோம். உங்க தலைவர் நாளைக்குன்னு சொன்னாரு." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உக்காருங்கம்மா. தண்ணி குடிக்கிறீங்களா?" என்றது. "இன்னைக்குச் சாயந்தரத்துக்குள்ள கையில கொண்டாந்து குடுங்க. ஏத்திருவேன்."

தண்ணீர் குடித்தேன். ராஜபாளையத்துக்கு அடுத்த பஸ் ஏறினேன்.

உரக்கடையில் யாரும் இல்லை. அண்ணாச்சி மூட்டைகளுக்கு நடுவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. அதில் ஏதோ ஒரு நாட்டுத் தலைவர். அவர் விலக வேண்டும் என்று ஜனங்கள் தெருவில் நின்றுகொண்டிருந்தார்கள். அண்ணாச்சி என்னைப் பார்த்ததும் டி.வி.யை அணைத்தார்.

"வா தாயி."

"லிஸ்ட் போகலையாமே அண்ணாச்சி."

அவர் சட்டைப் பையில் இருந்து இரண்டு தாள்களை எடுத்து மேஜையில் வைத்தார். வேர்வையில் ஊறி மடிப்பில் கிழிந்திருந்தன. இரண்டிலும் அதே பதினோரு பேர். ஒன்றில் கீழத்தெரு ஆறு பேர் முதலில், மேலத்தெரு ஐந்து பேர் பிறகு. மற்றதில் மேலத்தெரு முதலில்.

எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

எங்கள் அம்மன் கோவில் பங்குனிப் பொங்கலில் முதல் தேங்காய் ஒரு வருஷம் கீழத்தெருவுக்கு, மறு வருஷம் மேலத்தெருவுக்கு. கொரோனா வந்த வருஷம் பொங்கல் நடக்கவில்லை. அது கீழத்தெரு முறை. நடக்காத முறை எப்படிக் கழியும், அடுத்த வருஷமும் எங்களுக்குத்தான் என்று நாங்கள் சொன்னோம். வருஷம் போனால் முறையும் போச்சு என்று அவர்கள் சொன்னார்கள். போலீஸ் வந்தது. இப்போது இரண்டு தெருக்காரர்களும் ஒரே நேரத்தில் இரண்டு தேங்காய் உடைக்கிறார்கள். அப்போதும் எது முந்தி உடைந்தது என்று செல்போனில் படம் பிடித்துப் பார்ப்பார்கள். அதில் இருந்து எங்கள் ஊரில் எந்தத் தாளில் எந்தத் தெரு முதலில் வருகிறது என்று பார்க்காமல் எதுவும் நடப்பதில்லை. தெருவிளக்கு, குப்பை வண்டி, கல்யாணப் பத்திரிகை, எல்லாம் அப்படித்தான்.

"லிஸ்டோட நகல ஆபீஸ் போர்டுல ஒட்டணும்னு உத்தரவு" என்றார் அண்ணாச்சி. "ஒட்டுனா ரெண்டு தெருவும் பாக்கும். ரெண்டு தெருவுக்கும் ஒங்க தெருதான் முதல்லன்னு வாக்குக் குடுத்திட்டேன்."

"ஏன் குடுத்திய?"

"கேட்டாங்க, குடுத்தேன்."

"அதுக்காகவா பதினோரு பிள்ளைகள..."

"தாயி" என்றார். குரல் உயரவில்லை. "நீயுந்தான கேட்ட."

கேட்டேன். அது உண்மை. அவர் பேர் எழுத எங்கள் வீட்டுக்கு வந்த அன்றைக்கு, கீழத்தெருப் பெண்கள் பத்துப் பேர் வாசலில் நின்றார்கள். "கவுன்சிலர்னு ஒன்னைய எதுக்கு வச்சிருக்கோம்? நம்ம பிள்ளைக பேரு மேலத்தெருவுக்குக் கீழ போச்சுன்னா பாத்துக்க" என்றார்கள். நான் வெளியே வந்து அவர்கள் காதில் விழும்படி, "அண்ணாச்சி, எங்க தெருதான் முதல்ல வரணும்" என்றேன். அவர் தலையை ஆட்டினார். நான் உள்ளே போய் அடுப்பைப் பார்த்தேன். அதற்குப் பிறகு அதை மறந்தும்விட்டேன். பேர் எந்த வரிசையில் இருந்தாலும் போய்ச் சேர்ந்துவிடும் என்று நினைத்தேன். இப்படி ஒரு ஆள் இரண்டையும் பையில் வைத்துக்கொண்டு நாலு நாள் உட்கார்ந்திருப்பார் என்று நினைக்கவில்லை. ஆனால் அவரை எனக்குத் தெரியாதா? தெரியும்.

"மேலத்தெருவுல யாரு கேட்டா?" என்றேன்.

"யாரு கேப்பா? ஒன் மதினிதான்."

கடையில் உரவாடை மூக்கில் ஏறியது. மணி மூன்றைத் தாண்டியிருந்தது.

"சரி, இன்னைக்கு ஒரு ராத்திரி யோசிச்சிட்டு, நாளைக்கு..." என்று ஆரம்பித்தார்.

"நாளைக்குங்காதிய அண்ணாச்சி. பேனா எடுங்க."

எடுத்தார்.

"மேலத்தெருவ மேல எழுதுங்க. பொறவு எங்க தெரு. என் மகன் பேர அடியில போடுங்க."

"கீழத்தெருவுல ஒன்னைய விட மாட்டாங்களே."

"விட மாட்டாங்க."

அவர் எழுதினார். எழுத்து அழகாக இருந்தது. பதினோராவது பேரை எழுதும்போது நான் பார்க்கவில்லை. மூட்டையில் அச்சடித்திருந்த நெற்கதிர்ப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சீல் வைத்தார். கடையைப் பூட்டினார். அவரே கூட வருகிறேன் என்றார். இரண்டு பேரும் பஸ்ஸில் போனோம். அவர் பின்னால் ஆண்கள் பக்கம், நான் முன்னால். ஐந்து மணிக்கு முன்னாலேயே அந்தப் பொண்ணு கையில் கொடுத்துவிட்டோம். அது எங்கள் கண் முன்னாலேயே கம்ப்யூட்டரில் ஏற்றியது. ஒவ்வொரு பேருக்கும் நம்பரைச் சத்தமாகப் படித்தது. பதினொன்று வரை நின்று கேட்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஆளில்லை. அண்ணாச்சி எனக்கு முந்தின சீட்டில் வந்து உட்கார்ந்தார். திரும்பாமலேயே கேட்டார்.

"அந்தத் தாள்ல கையெழுத்துப் போடப் போறியா?"

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"ஊருல எது தெரியாது? நீ போடலன்னுந்தான் தெரியும்."

"போடுவேன் அண்ணாச்சி."

"பிள்ளைக வந்த பொறவு?"

"அப்படித்தான் நெனச்சிருந்தேன். இப்பப் போடுதேன்."

ஜன்னலில் தென்னந்தோப்புகள் போய்க்கொண்டிருந்தன.

"சண்டை முடியட்டுமே தாயி. இப்பப் போனா ஓடிப்போனான்னு பேசுவாங்க."

"இருந்தா என்ன பேசுவாங்க?"

எங்கள் ஸ்டாப் வந்தது. நான் முதலில் இறங்கினேன்.

வீட்டுக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே கேட்டார்.

"சுபேதார மாத்த மாட்டாங்கன்னு சொன்னியளே" என்றேன்.

"சுபேதார் கோழைன்னா வச்சுக்குவோம். தைரியசாலியா எல்லாரும்? ஆனா இல்லாத பாலத்த இருக்குன்னு பொய் சொல்ற ஆளு பின்னால எவனும் நடக்க மாட்டான்." பிறகு, "ஏன் பேர அடியில போட்ட?" என்றார்.

"எங்கயாவது போடணும்ல."

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். அன்றைக்கு இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

மறுநாள் காலையில் மதினி வீட்டுக்குப் போனேன். கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். தாளைக் கேட்டேன். வாங்கி, எட்டுப் பேருக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். எனக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும். அவள் பக்கத்தில் நின்று பார்த்தாள்.

"நேத்து ராத்திரியே போர்டுல ஒட்டிட்டாங்களாம்" என்றாள். "ஒன் மகன் பேரு கடைசியாமே."

"ஆமா."

"எங்க தெரு முதல்லயாம்."

"நீ கேட்ட மாதிரிதான் மதினி."

கோலப்பொடி டப்பாவை மூடினாள். திறந்தாள். மூடினாள். அவள் அக்கா மகன் பேர் மூன்றாவது. நாலு நாள் தாமதத்தை அவளும் கணக்குப் போட்டிருப்பாள்.

"நானும் கேட்டேன், நீயும் கேட்ட. மத்த ஏழு பேருல யாரெல்லாம் கேட்டாங்களோ" என்றேன். "தாள்ல அவரு பேரு மட்டுந்தான் இருக்கு."

"அதுக்காகக் கிழிச்சிரச் சொல்லுதியா?"

"இல்ல. கொண்டு போய்க் குடு."

கொடுத்தாள். அண்ணாச்சி அதை வாங்கிப் படித்துவிட்டு, அன்றைக்குச் சாயங்காலமே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டார். அவர் நாளைக்கு என்று சொல்லாமல் செய்த ஒரே காரியம் அதுதான் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். காரணம் உடல்நிலை என்று எழுதியிருந்தாராம். சண்டை அப்போது முடியவில்லை. துணைத் தலைவர் பொறுப்புக்கு வந்தார். தாலுகா ஆபீசில் இருந்து வந்த போன்களை அவர் பேசினார். ஒன்றும் நின்றுபோகவில்லை.

பஸ்ஸில் இடம் இருந்த அளவுக்கு மேலே இருந்து வரிசையாகக் கூப்பிட்டார்கள். முதல் தடவை எங்கள் ஊரில் எட்டுப் பேருக்குப் போன் போயிற்று. மேலத்தெரு ஐந்து பேரும், எங்கள் தெருவில் மூன்று பேரும். அவர்கள் வந்து சேர்ந்த அன்றைக்கு மேலத்தெருவில் வெடி போட்டார்கள். கீழத்தெருவில் மிச்சம் இரண்டு வீட்டுப் பெண்கள் என் வாசலில் வந்து நின்றார்கள். ஏசினார்கள். கேட்டுக்கொண்டு நின்றேன். என் மகனும் அங்கேதான் கிடக்கிறான் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரியாததா?

கம்பெனிக்கும் போய்க்கொண்டுதான் இருந்தேன். வேலை கூடுதலாக இருந்தது. வெள்ளைத் துணியை உருட்டி உருட்டிக் கட்டுவேன். இதில் ஒன்று அங்கே போகும் என்று ஒரு நாள் நினைத்தேன். பிறகு அப்படி நினைப்பதை விட்டுவிட்டேன்.

இரண்டாவது பஸ் கிளம்ப ஆறு நாள் ஆயிற்று. அதில் மற்ற மூன்று பேரும் வந்தார்கள். மகன் ரொம்ப மெலிந்திருந்தான். இடது காதில் சரியாகக் கேட்கவில்லை. சத்தம் மட்டும்தான் என்று சொன்னானே, அந்தச் சத்தம். முதல் பஸ்ஸுக்குப் பிறகு ஒரு நாள் பக்கத்தில் குண்டு விழுந்ததாம். ராஜபாளையத்தில் டாக்டரிடம் காட்டினோம். வரலாம், வராமலும் போகலாம் என்றார்.

அண்ணாச்சி விலகியது சரி. இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். சண்டை முடியட்டும் என்று இருந்திருந்தால் அடுத்த உத்தரவையும் பையில் வைத்துக்கொண்டு இருந்திருப்பார். ஆனால் நான் விலகவில்லை. அவர் இல்லை என்று சொல்லத் தெரியாதவர். இல்லை என்று சொல்ல முடியாதபடி கேட்டவள் நான். இப்போதும் கவுன்சிலர்தான். கூட்டத்துக்குப் போகிறேன், வருகிறேன். விலகியிருக்க வேண்டுமோ என்று உருட்டிக்கொண்டு இருக்கும்போது தோன்றும். துணி தீர்ந்ததும் அடுத்த துணி வரும்.

அண்ணாச்சியைக் கடை வாசலில் ஒரு தடவை பார்த்தேன். "மகன் எப்படி இருக்கான் தாயி?" என்றார். "நல்லாயிருக்கான்" என்றேன். காதைப் பற்றிச் சொல்லவில்லை. தலையை ஆட்டினார்.

மகன் வந்த மறுநாள், சோறு போட்டுக்கொண்டிருந்தேன். அவன் வலது பக்கத்தை எனக்குக் காட்டி உட்கார்ந்திருந்தான். கேட்கிற காது என் பக்கம் இருக்கட்டும் என்று.

"நாளைக்கு அண்ணாச்சி ராஜினாமா பண்ணிட்டாராமே. சண்டை நடக்கையில ஏன்மா போனாரு?"

வீட்டுக்காரர் தட்டில் இருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஒடம்புக்குச் சரியில்லையாம்" என்றேன்.